முடிவு தெரிந்த போரை மேசையில் ஆடுவது எப்படி? வந்தவாசி, 1760

நீங்கள் கேட்டிருப்பது இது: நண்பர்கள் நான்கு பேர், ஒரு சாப்பாட்டு மேசை. வந்தவாசிப் போரைச் சிறு பொம்மை வீரர்களை வைத்து ஆடிப் பார்க்க ஆசை. எத்தனை பொம்மை வேண்டும், எந்த அளவில் வாங்குவது, பிரெஞ்சுக்காரர்கள் தோற்றது எல்லாருக்கும் தெரியுமே, அந்தப் பக்கம் யார் உட்காருவார்கள்? முதல் இரண்டும் கணக்கு போட்டால் முடிந்துவிடும். மூன்றாவதில்தான் உங்கள் மனம் நிற்கிறது என்று நினைக்கிறேன். நடந்ததை அப்படியே நடத்தினால் அது நாடகம், நடந்ததை விட்டுவிட்டால் அது வேறு ஏதோ ஒரு போர். இரண்டுக்கும் நடுவில் ஆட்டம் எங்கே இருக்கிறது என்று கேட்கிறீர்கள். பன்னிரண்டு வருடமாக 18ஆம் நூற்றாண்டுப் போர்களை நண்பர்களோடு மேசையில் ஆடி வருகிறேன். வந்தவாசியை மட்டும் பல தடவை ஆடியிருக்கிறோம். அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

சந்தேகமில்லாத விஷயங்களை முதலில் வைத்துவிடலாம். 1760 ஜனவரி 22. லாலியின் பிரெஞ்சுப் படை வந்தவாசிக் கோட்டையை முற்றுகையிட்டிருந்தது. அந்தக் கோட்டையை இரண்டு மாதத்துக்கு முன்னால்தான் ஆங்கிலேயத் தளபதி ஐர் கூட் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து பிடித்திருந்தார். அதைக் காப்பாற்ற உத்திரமேரூர்ப் பக்கமிருந்து அவர் படையோடு வந்தார். வந்தவர் நேரே மோதவில்லை. மலையடிவாரத்துக் கல்லாங்குத்து நிலத்துக்குள் படையை நகர்த்தினார். அங்கே குதிரைப்படை பாய்ந்து வர முடியாது, கோட்டைக்கும் வழி கிடைக்கும். அவர் அங்கே போய்விட்டால் முற்றுகை வீண் என்பதால் லாலி முகாமை விட்டு வெளியே வந்து அணிவகுக்க வேண்டியதாயிற்று. பிரெஞ்சு வலப்பக்கம் குதிரைப்படை, அதை அடுத்து லொரேன் ரெஜிமென்ட், நடுவில் இந்தியா பட்டாளம் (பிரெஞ்சுக் கம்பெனியின் ஐரோப்பியர்), இடப்பக்கம் லாலியின் சொந்த ரெஜிமென்ட். இடக்கோடியில் ஓர் ஏரிக்கரை, அதில் கப்பற்படை வீரர்களும் பீரங்கிகளும். எதிரே ஆங்கிலேயரின் முதல் வரிசையில் இடப்பக்கம் கூட்டின் ரெஜிமென்ட், வலப்பக்கம் டிரேப்பர் ரெஜிமென்ட், நடுவில் கம்பெனியின் இரண்டு ஐரோப்பியப் பட்டாளங்கள், இரண்டு ஓரத்திலும் சிப்பாய்கள்.

நடந்ததையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிரெஞ்சுக் குதிரைப்படைத் தலைவர் பாய மறுத்தார். லாலி அவரைப் பதவியிலிருந்து நீக்கிவிட்டுத் தானே படையை நடத்திப் போனார், ஆங்கிலேயப் பீரங்கிகள் அவர்களைத் திருப்பி அடித்தன. அப்புறம் லொரேன் ரெஜிமென்ட் பன்னிரண்டு பேர் அகலத்தில் ஆழமாக அடுக்கிக்கொண்டு கூட்டின் ரெஜிமென்ட் மேல் பாய்ந்தது. கூட்டின் ஆட்கள் 50 கஜம் வரை வரவிட்டுச் சுட்டார்கள். லொரேனின் தலைப்பகுதி உள்ளே புகுந்தது, ஆனால் பக்கவாட்டில் அடிவாங்கிச் சில நிமிடங்களில் சிதறியது. அந்த நேரம் பார்த்து ஏரிக்கரையிலிருந்த ஒரு வெடிமருந்து வண்டியில் குண்டு விழுந்து வெடித்து, 80 பேர் வரை மாண்டோ அடிபட்டோ விழுந்தார்கள். மேஜர் பிரெரெட்டன் டிரேப்பர் ரெஜிமென்டோடு அந்த இடத்தைப் பிடித்தார், உயிரையும் அங்கேயே விட்டார். லாலியின் ரெஜிமென்டை வைத்து மீட்கப் பார்த்த இன்னொரு பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி, குதிரை அடிபட்டு விழுந்து பிடிபட்டார். மராட்டியக் குதிரைப்படை 3,000 பேர் பிரெஞ்சுத் தரப்பில் பக்கத்திலேயே இருந்தும் சண்டையில் இறங்கவில்லை.

படைக்கணக்கில்தான் தகராறு. கம்பெனியில் வேலை பார்த்த ராபர்ட் ஓர்ம் எழுதியதை ஒட்டி, ஆங்கிலேயப் பக்கம் ஐரோப்பியர் 1,900 சொச்சம், சிப்பாய்கள் 2,100, நாட்டுக் குதிரைவீரர் 1,250, பீரங்கி 26 என்று கொள்ளலாம். சொந்தப் படையின் கணக்கு என்பதால் அதை நம்புகிறேன். பிரெஞ்சுப் பக்கம் ஐரோப்பியர் 2,250, சிப்பாய்கள் 1,300 என்று ஆங்கிலேயர் எழுதினார்கள். பிரெஞ்சுக்காரர்கள் சொல்லும் ஐரோப்பியர் எண்ணிக்கை அதைவிடப் பல நூறு குறைவு. ஜெயித்தவன் எதிரியைக் கூட்டிச் சொல்வான், தோற்றவன் தன்னைக் குறைத்துச் சொல்வான், இரண்டுக்கும் காரணம் இருக்கிறது. நான் ஆங்கிலேயக் கணக்கை எடுத்து, அதிலிருந்து கோட்டை முன்னால் முற்றுகைப் பீரங்கிகளோடு விட்டுவைத்த ஆட்களைக் கழித்துவிட்டு ஆடுகிறேன். சரியான எண் அதுதான் என்று சாதிக்க மாட்டேன். ஆட்டம் சமமாக நிற்கிறது என்பதற்காக எடுத்த முடிவு அது.

பொம்மைக் கணக்குக்கு வருகிறேன். மராட்டியரை விட்டுவிட்டால், முற்றுகையில் நின்றவர்களைக் கழிக்காமல், இரண்டு பக்கமும் சேர்த்து 8,800 பேர். ஒரு பொம்மைக்கு 20 ஆள் என்றால் 440 பொம்மை. நான்கு பேர் பிரித்துக்கொண்டால் தலைக்கு 110, வார இறுதிகளில் வர்ணம் பூசினால் ஆறேழு மாதத்தில் முடியும். 15 மில்லிமீட்டர் அளவு பொம்மைகளை வாங்குங்கள் என்பேன், காரணம் இருக்கிறது. 600 பேர் கொண்ட பட்டாளம் மூன்று வரிசையில் நின்றால் ஒரு வரிசைக்கு 200 பேர், ஆளுக்கு 2 அடி, ஆக 400 அடி அகலம், அதாவது 133 கஜம். மேசையில் ஓர் அங்குலம் 25 கஜம் என்று வைத்தால் அது ஐந்தங்குலத்துக்குச் சற்று மேல். 30 பொம்மையை 8 மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு வரிசையாக ஒட்டினால் 12 சென்டிமீட்டர், கிட்டத்தட்ட அதே அகலம். 28 மில்லிமீட்டர் பொம்மைகள் பார்க்க அழகுதான், ஆனால் அதே பட்டாளம் 9 அங்குலம் பிடிக்கும், உங்கள் மேசையில் பக்கவாட்டில் சுற்றி வளைக்க இடமே இருக்காது. 6 அடிக்கு 4 அடி மேசையில், இந்த அளவில், ஆங்கிலேய முதல் வரிசை 30 அங்குலம் சொச்சம் வரும், இரண்டு ஓரத்திலும் தாராளமாக இடம் மிஞ்சும்.

பொம்மையைக் கடல் தாண்டி வரவழைத்தால் சுங்கமும் தபால் செலவும் விலையைத் தொட்டுவிடும். அதனால் முதல் ஆட்டத்தை அட்டையில் ஆடுங்கள். கெட்டி அட்டையில் பட்டாளத்தின் பெயர் எழுதிய பட்டைகள் போதும். ஆட்டம் பிடித்தால் அப்புறம் வாங்கலாம். வர்ணத்தில் ஒரு விஷயம் மட்டும் கவனியுங்கள். லாலியின் ரெஜிமென்ட் ஐரிஷ்காரர்களுடையது, அவர்கள் அங்கி சிவப்பு, ஆங்கிலேயர் அங்கியும் சிவப்பு. புகைமூட்டத்தில் அங்கே என்ன குழப்பம் வந்திருக்குமோ அது உங்கள் மேசையிலும் வரும். கொடியைப் பெரிதாக வைத்துக்கொள்ளுங்கள்.

நிலத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தப் போரை ஆடுகிற வெளிநாட்டுக்காரர்கள் பெரும்பாலும் சறுக்குகிற இடம் இது. ஆங்கிலக் குறிப்புகளில் 'டேங்க்' என்று வரும். அதைப் பார்த்துவிட்டு மேசையில் ஒரு நீலக் குட்டையை வைத்து, காலாட்படை நுழையக் கூடாது என்று விதி போட்டுவிடுவார்கள். ஏரி என்றால் என்ன என்று நமக்குத் தெரியும். ஆள் உயரமோ அதற்கு மேலோ போட்ட மண்கரை, பிறை போல வளைந்து கிடக்கும், மேலே பனைமரம் நிற்கும். அந்தக் கரை ஒரு ஆயத்தக் கோட்டை. பின்னால் நிற்பவனுக்கு மார்பளவு மறைவு, ஏறி வருபவனுக்கு மூச்சு வாங்கும், வளைவு எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறதோ அந்தப் பக்கமெல்லாம் சுடலாம். தண்ணீர் இருந்ததா வறண்டு கிடந்ததா என்பது இரண்டாம் பட்சம். தெர்மாகோலை வளைத்து வெட்டிச் செம்மண் தூவி அந்தக் கரையைச் செய்யுங்கள். அதற்குப் பின்னால் இருக்கும் பிரெஞ்சு வீரர்களை அடிக்க வழக்கமாகத் தேவைப்படுவதைவிடப் பகடையில் ஒன்று கூடுதலாக விழ வேண்டும் என்று விதி வையுங்கள். பிரெரெட்டன் ஏன் அங்கே உயிரை விட்டார் என்பது ஒரு தடவை அந்தக் கரையில் ஏறிப் பார்த்தால் புரியும். எல்லா ஏரிக்கும் கலங்கல் இருக்கும், கரை தாழும் இடம் அது. கலங்கலை எங்கே வைப்பது என்பதை நடுவர் தீர்மானித்து, பிரெஞ்சு ஆட்டக்காரருக்கு மட்டும் சொல்லலாம். கலங்கல் எந்தக் குறிப்பிலும் இருந்து எடுத்ததில்லை, நானாகச் சேர்த்தது.

இனி உங்கள் மூன்றாவது கேள்வி. லாலியின் இடத்தில் உட்காரும் நண்பருக்கு அவர் தோற்றது தெரியும். லொரேனைப் பாயவிட மாட்டார், வெடிமருந்து வண்டியைப் பின்னால் தள்ளிவிடுவார், ஏரிக்கரையில் எல்லாரையும் குவித்துவிட்டுக் காத்திருப்பார். அப்படி ஆடினால் வந்தவாசி செத்துப்போகும். இதைத் தடுக்க விதி போட்டுக் கையைக் கட்டுவது சுலபம், 'மூன்றாவது முறையில் லொரேன் பாய்ந்தே ஆக வேண்டும்' என்று எழுதிவிடலாம் (இரு பக்கமும் ஒரு தடவை ஆடி முடிப்பது ஒரு முறை). நானும் ஆரம்பத்தில் அப்படித்தான் செய்தேன். ஆட்டம் சப்பென்று இருந்தது. பிறகு புரிந்துகொண்டது இதுதான்: முடிவை மேசைக்குக் கொண்டுவர வேண்டாம், அந்த முடிவை எடுக்க வைத்த நெருக்கடியைக் கொண்டுவாருங்கள். லாலியிடம் பணம் இல்லை. மூன்று மாதத்துக்கு முன்னால், 1759 அக்டோபரில், சம்பள பாக்கிக்காக அவருடைய ஐரோப்பிய வீரர்களே கலகம் செய்திருந்தார்கள். காத்திருக்கக் காத்திருக்கப் படை கரையும். ஆகவே பிரெஞ்சுப் பக்கத்துக்கு ஒரு கடிகாரம் வையுங்கள். ஆறாவது முறையிலிருந்து, சண்டையில் இறங்காமல் நிற்கும் ஒவ்வொரு பிரெஞ்சுப் பட்டாளத்துக்கும் பகடை உருட்ட வேண்டும். 1 விழுந்தால் மனவுறுதி ஒரு படி இறங்கும். ஏழாவது, எட்டாவது முறைக்குள் நீங்கள் எதுவும் சொல்லாமலே லாலி எதையாவது பாயவிடுவார். எங்கள் மேசையில் பாதிக்கு மேல் அப்படித்தான் நடந்தது.

இன்னொரு வழி, நான்கு பேர் இருப்பதால் உங்களுக்கு நன்றாகப் பொருந்தும். லாலியை ஒருவரும் புஸ்ஸியை இன்னொருவரும் ஆடுங்கள். இருவருக்கும் ஆகாது என்பது ஊரறிந்த விஷயம். முற்றுகையை விட்டுவிடலாம், இப்போது சண்டை வேண்டாம் என்பது புஸ்ஸியின் யோசனை. லாலி கேட்கவில்லை. ஆட்டம் தொடங்கியதும் இருவரும் பேசிக்கொள்ளக் கூடாது, துண்டுச்சீட்டு எழுதி நடுவரிடம் கொடுக்க வேண்டும், அது அடுத்த முறையில்தான் போய்ச் சேரும். இருவருக்கும் வெவ்வேறு வெற்றி நிபந்தனை கொடுங்கள். கோட்டை முற்றுகையை விடாமல் இருந்தால் லாலிக்கு மதிப்பெண், ஐரோப்பியப் பட்டாளங்கள் முழுசாகத் திரும்பினால் புஸ்ஸிக்கு. எதிர்ப்பக்கம் கூட்டும் பிரெரெட்டனும். பிரெரெட்டன் 1759 செப்டம்பரில் இதே வந்தவாசியைத் தாக்கி அடிபட்டுத் திரும்பியவர், அந்த ஆட்டக்காரரிடம் இதைச் சொல்லிவையுங்கள், எப்படி ஆடுகிறார் என்று பாருங்கள். நடுவருக்கு ஐந்தாவது ஆள் கிடைத்தால் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள். பிரஷ்ய ராணுவத்தில் ராய்ஸ்விட்ஸ் என்ற அதிகாரி 1824இல் வெளியிட்ட போர்ப்பயிற்சி ஆட்டத்திலேயே நடுவர்தான் மையம். யாருக்கு எது தெரியும் என்பதை அவர் கையில் வைத்திருப்பார்.

மராட்டியக் குதிரைகளுக்கு 150 பொம்மை வாங்காதீர்கள், ஒரே ஒரு சீட்டு போதும். நடுவர் ஆட்டத்துக்கு முன்னால் ரகசியமாக இரண்டு பகடை உருட்டட்டும். 11 அல்லது 12 விழுந்தால் மட்டும் அவர்கள் இறங்குவார்கள், 36இல் 3 வாய்ப்பு. கூட்டுக்கு இது தெரியாது, அதனால் தன் நாட்டுக் குதிரையைப் பின்னால் காவலுக்கு வைத்தே தீருவார். வராத படை இப்படித்தான் மேசையில் வேலை செய்யும்.

வெடிமருந்து வண்டி விஷயத்தில் என் நண்பர்களுக்குள்ளேயே சண்டை உண்டு. அது தற்செயல், ஆட்டத்தில் இடமில்லை என்று ஒருவர். அது இல்லாவிட்டால் வந்தவாசியே இல்லை என்று இன்னொருவர். நான் வைக்கும் விதி: பீரங்கி நிற்கும் இடத்தை எதிரிப் பீரங்கி குறிவைத்துச் சுடும்போது இரண்டு ஆறு விழுந்தால் வண்டி வெடிக்கும். இது இரண்டு பக்கத்துக்கும் பொது. ஒரு தடவை சுட்டால் 36இல் 1தான், ஆனால் ஓர் ஆட்டத்தில் 20 தடவை சுட்டால் ஒரு தடவையாவது வெடிக்க 100க்கு 43 வாய்ப்பு. பாதிக்குச் சற்றுக் குறைவு. எனக்கு அது நியாயமாகப் படுகிறது. வெடிப்பே போரைத் தீர்மானித்தது என்று நான் நம்பவில்லை. அதற்கு முன்பே லொரேன் உடைந்திருந்தது, பிரெஞ்சு வலப்பக்கம் காலியாகியிருந்தது. வெடிப்பு அதை விரைவுபடுத்தியது என்பது என் கணிப்பு, மறுக்க இடமுண்டு.

லொரேனின் பாய்ச்சலை விதியாக்குவதுதான் இந்த ஆட்டத்தின் உயிர். ஆழமாக அடுக்கிய படைக்கு வேகம் உண்டு, மோதும்போது கனம் உண்டு, ஆனால் சுட முடிந்தவர்கள் முன்னால் இருக்கும் சிலர் மட்டுமே. அகலமாக நிற்பவனுக்கு எல்லாத் துப்பாக்கியும் பேசும். அந்தக் கால மஸ்கட் துப்பாக்கி 100 கஜத்துக்கு மேல் நம்ப முடியாதது, அதாவது மேசையில் 4 அங்குலம். 50 கஜம் என்றால் 2 அங்குலம். 4 அங்குலத்தில் சுட்டால் சாதாரண அடி, 2 அங்குலம் வரை பொறுத்தால் அடி இரட்டிப்பு, ஆனால் பொறுப்பதற்கு மனவுறுதிப் பகடை உருட்ட வேண்டும், தவறினால் சுடாமலே மோதலுக்குள் போவீர்கள் என்று வையுங்கள். ஐர் கூட்டின் இடத்தில் உட்காருபவர் அந்தப் பகடையைக் கையில் வைத்துக்கொண்டு யோசிப்பார் பாருங்கள், அந்த அரை நிமிடத்துக்காகத்தான் நான் இந்த ஆட்டத்தை விடாமல் ஆடுகிறேன்.

நகர்வு தூரத்தில் எல்லாரும் ஒரு முறை குழம்புவார்கள். நிமிடத்துக்கு 60 கஜம் நடக்கும் காலாட்படை, ஒரு முறை என்பது 10 நிமிடம் என்றால், 24 அங்குலம் போக வேண்டுமே என்று கேட்பார்கள். தனி ஆள் போவான். 600 பேர் வரிசை கலையாமல், வரப்பு தாண்டி, நின்று நின்று நேர்படுத்திக்கொண்டு, உத்தரவுக்குக் காத்திருந்து போனால் அதில் மூன்றில் ஒரு பங்கு போனால் பெரிது. 8 அங்குலம் வையுங்கள், கல்லாங்குத்தில் 5.

சிப்பாய்களைப் பற்றி ஒரு வார்த்தை. இந்தக் களத்தில் நின்ற காலாட்களில் பாதிக்குப் பக்கம் அவர்கள்தான். ஆனால் வழக்கமான விதிப்புத்தகங்கள் அவர்களைக் கூலிக்கு வந்த கூட்டமாக மதிப்பிட்டுக் கடைசி இடத்தில் வைத்துவிடும். பிரெஞ்சுப் பக்கச் சிப்பாய்கள் முன்னேற மறுத்தார்கள் என்று எழுதியிருக்கிறார்கள். சம்பளம் வராத படைக்கு மறுக்க உரிமையில்லையா? ஐரோப்பியரே கலகம் செய்த படை அது. குதிரைப்படைத் தலைவர் பாய மறுத்ததையும் சேர்த்துப் பாருங்கள். அதனால் நான் சிப்பாய்களுக்குச் சுடும் திறனைக் குறைப்பதில்லை. பிரெஞ்சுப் பக்கத்தில் எந்தப் பட்டாளமானாலும், ஐரோப்பியரோ சிப்பாய்களோ, உத்தரவுக்குக் கீழ்ப்படியப் பகடையில் 4க்கு மேல் வேண்டும், ஆங்கிலேயப் பக்கம் 3 போதும். ஒரே விதியில் குதிரைப்படையின் மறுப்பும் சிப்பாய்களின் மறுப்பும் வந்துவிடுகின்றன. மருதநாயகம் யூசுப் கானைச் சேர்க்கலாமா என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். அவர் அப்போது மதுரையில் இருந்தார். சென்னை முற்றுகையை ஆடும்போது அவரை ஆடுங்கள், அங்கே லாலியின் படையை வெளியிலிருந்து தொல்லை செய்தவர் அவர்.

மேசையில் வராதவையும் உண்டு. லாலி வந்தவாசிக்கு வருவதற்கு முன் காஞ்சிபுரத்துப் பேட்டை கொள்ளை போனது, வந்தவாசிப் பேட்டையும் சண்டைக்காடாயிற்று. அந்த ஊர்க்காரர்களுக்கு இந்த ஆட்டத்தில் பொம்மை கிடையாது. எங்கள் மேசையில் கோட்டைக்குப் பக்கத்தில் சில குடிசைகள் வைத்திருக்கிறோம், அவை எதற்கும் மதிப்பெண் இல்லை, யாரும் நகர்த்துவதும் இல்லை. ஆடிக் களைத்து டீ குடிக்கும்போது பேச்சு பெரும்பாலும் அங்கேதான் போகும்.

முதல் நாள் முழுப்போரையும் தொடாதீர்கள். ஒரு மாலை, இரண்டு அட்டைப் பட்டை, லொரேன் ஒன்று, கூட் ரெஜிமென்ட் ஒன்று, நடுவில் 20 அங்குல வெறும் தரை, இரு பக்கமும் இரண்டு பீரங்கி. முக்கால் மணி நேரத்தில் முடியும், பக்கம் மாறி மூன்று தடவை ஆடிவிடலாம். 2 அங்குலத்துக்கான மனவுறுதிப் பகடையில் எத்தனை விழ வேண்டும் என்பதை அந்த மூன்று ஆட்டத்தில் நீங்களே சரிப்படுத்துங்கள். எங்களுக்கு 4 சரியாக வந்தது, உங்கள் மேசைக்கு 3 போதுமாக இருக்கலாம். அது படிந்த பிறகு ஏரிக்கரையைச் செய்ய உட்காருங்கள்.